பழைய மர அலமாரிகளை அகற்றுவதற்கு முன்

வீட்டைச் சீரமைக்கக் கடன் கோரி எங்கள் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்கள் மதிப்பீட்டுத் தாள் ஒன்றைக் கொண்டுவருவது வழக்கம். அதில் சமையலறைக்கான முதல் வரி பெரும்பாலும் ‘பழைய மர அலமாரிகளை அகற்றுதல்’ என்றே இருக்கும். அந்த வரிக்கு இசைவு தருவதற்கு முன், அலமாரியின் எதிரே அரை மணி நேரம் அமர்ந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் தச்சர் வீட்டுக்கே வந்து இழைத்துக் கொடுத்த தேக்குச் சட்டங்கள் இன்றும் பல நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உள்ளன. அவை பிசுக்கேறியிருக்கலாம், நிறம் மங்கியிருக்கலாம். ஆனால் வலுவிழந்தவை என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்துவிட முடியாது.

சோதனையைப் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியிலிருந்து தொடங்குவது நன்று. ஈரம் முதலில் தாக்குமிடம் அதுவே. திருப்புளியின் முனையால் மரத்தை மெல்லக் குத்திப் பாருங்கள். முனை எளிதில் இறங்கினால் மரம் மக்கிவிட்டது. மண்கோடுகள் தென்பட்டால் கரையான்; மாவு போன்ற தூள் உதிர்ந்திருந்தால் மரம் உளுத்திருக்கிறது. பழுது அந்த ஓர் அறையோடு நின்றிருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். அங்கே பயன்படுத்தும் பிளைவுட்டில் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது நீரைத் தாங்கும் கப்பல் தரப் பலகைக்குரிய இந்தியத் தர எண். ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டுப் பலகைக்குரியது. அதை நனையாத மேல் அலமாரிகளுக்கு வைத்துக்கொள்ளலாம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை நீரில் ஊதிப் பருத்திருந்தால் அதைக் காப்பாற்ற வழியில்லை, தயங்காமல் அகற்றிவிடுங்கள்.

சட்டம் உறுதியானது என்று தெரிந்துவிட்டால் வேலையும் செலவும் பெருமளவு குறைகின்றன. வெந்நீரும் சோப்புத் தூளும் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, நன்கு உலரவிட்டு, உப்புத்தாள் இட்டுத் தேய்த்தபின் புதிய மெருகு பூசலாம். கதவுகளை மட்டும் மாற்றுவோரும் உண்டு. எங்கள் கருத்தில், கதவின் நிறத்தைவிடக் கீழ் அலமாரிகளின் உட்புறமே கவனத்துக்குரியது. முதியோர் தரையில் முழந்தாளிட்டு, அடுக்கின் பின்புறத்திலுள்ள பருப்பு டப்பாவைத் துழாவுவதே பழைய சமையலறையின் உண்மையான குறை. அந்த அடுக்குகளை இழுவறைகளாக மாற்றினால் அக்குறை தீரும். இழுவறையின் இருபுறமும் சறுக்குச் சட்டத்துக்கு ஏறத்தாழ அரை அங்குல இடம் வேண்டும். அது எத்தனை கிலோ தாங்கும் என்பதையும் கடையில் கேட்டறியுங்கள். அரிசியும் இரும்புச் சட்டிகளும் கனமானவை.

இரண்டு எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். முதலாவது, பழைய வண்ணப்பூச்சு. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம். என்று வரையறுக்கும் விதிகள் நம் நாட்டில் 2016இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் வண்ணம் பூசிய கதவுகளில் ஈயம் மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு. அவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசி, சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்; வேலை முடியும்வரை குழந்தைகளையும் கருவுற்றவர்களையும் அப்பக்கம் விடாதீர்கள். அல்லது அக்கதவுகளைத் தேய்க்காமல் அப்படியே கழற்றி மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, எரிவாயு உருளை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையை ஒட்டித் தேங்கும். அழகுக்காக உருளையைக் காற்றுப்புகாத அலமாரிக்குள் அடைப்பது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். அந்த அறைக்குக் கீழும் மேலும் காற்றுத் துளைகள் இருந்தாக வேண்டும். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மெருகு பூசும் நாட்களில் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். மெருகின் ஆவி தீப்பற்றக்கூடியது.

இனிப் பணம். ஏற்கெனவே உள்ள வீட்டுக் கடனின் மேல் கூடுதல் கடன் பெறுவது எளிது. மாதத் தவணையும் சிறியதாகத் தோன்றும். 3 லட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் பெறுவதாகக் கொள்வோம். பதினைந்து ஆண்டுகளில் செலுத்தினால் தவணை சுமார் 3,043 ரூபாய். மொத்த வட்டியோ 2,47,000 ரூபாயைத் தாண்டும். மூன்று ஆண்டுகளில் முடித்தால் தவணை சுமார் 9,540 ரூபாய். வட்டி 43,500 ரூபாய்க்குள் அடங்கும். கடன் கொடுக்கும் நாங்களே இதைச் சொல்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். நீண்ட தவணையையே தேர்ந்தெடுத்திருந்தாலும், கையில் பணம் சேரும்போது முன்கூட்டியே செலுத்துங்கள். மாறும் வட்டியிலான வீட்டுக் கடனைத் தனிநபர்கள் முன்கூட்டியே அடைப்பதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே அறிவித்துவிட்டது. சிறு தொகைதான் தேவை என்றால், நிலை வைப்பை உடைக்காமல் அதன் பேரில் கடன் பெறும் வழியும் உண்டு.

மதிப்பீட்டுத் தாளில் சதுர அடிக் கணக்கைக் கவனித்துப் படியுங்கள். சிலர் முகப்புப் பரப்பை மட்டும் அளப்பர்; சிலர் உள் பலகைகளையும் தனித்தனியே கூட்டுவர். குறைந்த விலை சொன்னவரின் கணக்கே இறுதியில் பெரிதாகிவிடுவது இதனால்தான். எங்களுள் ஒருவர் தம் வீட்டு வேலைக்கு முக்கால் பங்குப் பணத்தை முன்னதாகவே கொடுத்துவிட்டு, கதவில்லாத அலமாரிகளுடன் ஒரு மழைக்காலத்தைக் கழித்தார். அன்றுமுதல் அவர் சொல்லும் முறை இது: பலகை வீட்டுக்கு வந்து முத்திரையைப் பார்த்தபின் ஒரு பகுதி, சட்டங்கள் நின்றபின் ஒரு பகுதி, எல்லா இழுவறைகளும் நிறைந்த சுமையுடன் ஒரு வாரம் ஓடியபின் மீதி.