அத்தையோட விரல் எந்தக் கட்டத்துல வரும்?

2020 ஜூலை 1-ம் தேதி நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்துல கொதிகலன் வெடிச்சது நம்ம பக்கத்துல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்குத் தேதி இருக்கு, இடம் இருக்கு, விசாரணையும் நடந்துச்சு. இன்னிக்கு நாம பேசப்போறது தேதியே இல்லாத ஒரு காயம்.

பண்ருட்டியில எங்க அத்தை முந்திரிக்கொட்டை உடைக்கிறாங்க. ரேஷன் கடை மெஷின் அவங்க கைரேகையை எடுக்கவே எடுக்காது. முந்திரி ஓட்டுல இருக்குற எண்ணெய் தோலைப் பொத்துப்போட்டு உரிச்சுடும். சேங்கொட்டை பட்டா கொப்புளிக்குமே, ரெண்டும் ஒரே குடும்பம்தான். சாம்பல், விளக்கெண்ணெய்னு தடவிக்கிட்டுதான் உட்காருவாங்க.

வேலையிடக் காயங்களை வகைப்படுத்த 1962-ல சர்வதேச தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு நாலு கேள்வி வச்சுது. எப்படி நடந்தது, எந்தப் பொருளால, என்ன மாதிரி காயம், உடம்புல எங்க? இந்தியாவோட ஐ.எஸ். 3786 தரநிலையும் விபத்துகளைப் பிரிக்க ஒரு முறை சொல்லுது. நாலும் டேபிள்ல தனித்தனி காலம் மாதிரி. வெட்டுற மெஷின்ல விரல் மாட்டினா, 'மாட்டிக்கொள்ளுதல், இயந்திரம், வெட்டுக்காயம், விரல்'. அவ்வளவுதான். நம்ம ஊர் ரிப்போர்ட்ல நிறைய பேர் எழுதுற 'கவனக்குறைவு' இந்த நாலுலயும் வராது. (ஆபீஸ்ல பக் ரிப்போர்ட்ல 'யூசர் எரர்'னு போட்டு மூடுற பழக்கம் நமக்கும் உண்டு!)

அத்தைக்கு நாலு கட்டமும் நிரம்பும். 'கேடான பொருள் படுதல், ஓட்டு எண்ணெய், ரசாயனப் புண், விரல்கள்'. தேதிதான் இடிக்குது. எப்போ பட்டுச்சு அத்தைன்னு கேட்டேன். "கல்யாணமாகி வந்ததுலேருந்துதான்டா"ன்னாங்க.

2025 வரைக்கும் அமலில் இருந்த 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்துல, 48 மணி நேரமாவது வேலைக்கு வர முடியாம போனாத்தான் காயத்தைத் தெரிவிக்கணும்னு இருந்துச்சு. உடைச்ச கிலோவுக்குக் கூலி வாங்குறவங்க லீவு போடுவாங்களா? புண்ணோடயே மறுநாளும் வருவாங்க, கணக்குல எதுவும் ஏறாது. தோல் அழற்சி அந்தச் சட்டத்தோட மூன்றாம் அட்டவணையில தொழில்நோயா இருந்துச்சு. ஆனா மின்சாரத்தோட 10 பேர், இல்லாம 20 பேர் இருந்தாத்தான் அது தொழிற்சாலைன்னு அந்தச் சட்டம் சொல்லுச்சு. திண்ணையில நாலு பேரோட உட்கார்ந்து உடைக்கிறவங்க அதுக்கு வெளியில நின்னாங்க.

உங்க வீட்ல யாராவது முந்திரிக் கம்பெனிக்குப் போறாங்கன்னா, டாக்டர்கிட்ட வெறும் 'எரிச்சல்'னு சொல்லாதீங்க. என்ன வேலை, எத்தனை வருஷம்னு சேர்த்துச் சொல்லி, சீட்டுல எழுதித் தரச் சொல்லுங்க. தொழில்நோயைத் தெரிவிக்கிற பொறுப்பை அந்தச் சட்டம் டாக்டருக்கும் கொடுத்திருந்துச்சு.