காவடி தாங்கும் தோள்களுக்குக் காவல்

தைப்பூசத் திருநாள் நெருங்குகையில் ஸ்கூடாய் வட்டாரத்துத் தாமான்களில் வீட்டுக்கு வீடு விரதம் தொடங்கிவிடுகிறது. நாவடக்கம், மனவடக்கம், புலால் மறுத்தல் என அன்பர்கள் தம்மைச் செம்மைப்படுத்திக் கொள்கின்றனர். ஆனால், அன்று உண்மையில் பாரத்தைத் தாங்கப்போகும் தோள்களை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. திருநாளுக்கு மறுநாள் கழுத்தைத் திருப்ப இயலாமல் தைலம் தேடும் இளைஞர்களோ பலர்.

சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தண்டொன்றில் கட்டித் தோளில் சுமந்து வந்த இடும்பனிடமிருந்தே காவடி வழிபாடு தோன்றியது என்பது பழனித் தல வரலாறு. நம் முன்னோர்க்கு இச்சுமை புதிதன்று. ரப்பர்த் தோட்டங்களில் பால் வாளிகளை இருபுறமும் தொங்கவிட்டு அவர்கள் சுமந்த காண்டாக் கம்பும் ஒருவகைக் காவடியே. தண்டைக் குறிக்கும் ‘கண்டார்’ என்னும் மலாய்ச் சொல்லிலிருந்துதான் பினாங்கின் நாசி கண்டார் சோறும் பெயர் பெற்றது. அந்நாளைய தொழிலாளிகள் நாள்தோறும் சுமந்து பழகியவர்கள். அடிக்கடி தோள் மாற்றிக்கொள்ளும் நுட்பமும் அறிந்தவர்கள்.

இன்றைய நிலை வேறு. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தையோ 1998-இல் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலத்தையோ கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் இங்கு ஏராளம். ஸ்கூடாயிலேயே அமைந்துள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினி முன் குனிந்திருக்கும் மாணவர்களும் உண்டு. தோளை முன்வளைத்து, தலையை நீட்டி, மணிக்கணக்கில் அசையாதிருக்கும் உடலின் மீது ஆண்டுக்கு ஒருமுறை காவடியை ஏற்றினால் அது எவ்வாறு தாங்கும்?

தோள்பட்டை எலும்பின் அமைப்பே ஒரு விந்தை. காறை எலும்பு என்னும் ஒரே சிறு பாலத்தின் வழியாகத்தான் அது உடற்கூட்டோடு எலும்பால் இணைந்துள்ளது. மற்றபடி தசைகளே அதனைத் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் முதன்மையானது ட்ரபீசியஸ் எனப்படும் சரிவகத் தசை. மண்டையோட்டின் பின்புறத்தில் தொடங்கி, பன்னிரண்டாம் மார்பு முள்ளெலும்பு வரை இறங்கி, இரு தோள்களிலும் பரவியிருக்கும் அதனை, விரித்துப் போர்த்திய அங்கவஸ்திரம் எனலாம். அதன் அடியில், கழுத்தின் மேல் நான்கு முள்ளெலும்புகளிலிருந்து தோள்பட்டையின் உள்மூலைக்கு இறங்கும் தூக்கித் தசை உள்ளது. கழுத்து பிடித்துக்கொண்டது என்று நாம் தடவிப் பார்க்கும் இடம் பெரும்பாலும் இதுவே. தோள்பட்டைகளை முதுகெலும்பை நோக்கி இழுப்பவை சாய்சதுரத் தசைகள். விலா எலும்புகளோடு அணைத்துப் பிடிப்பது ரம்பப் பற்கள் போன்ற பக்கவாட்டுத் தசை.

கையை முழுதும் உயர்த்தும் 180 பாகையில் ஏறத்தாழ 60 பாகை தோள்பட்டை எலும்பின் சுழற்சியால் கிடைப்பது. ஆகவே, மேற்கூறிய தசைகளில் ஒன்று சோர்ந்தாலும் கை தலைக்கு மேல் எழும்போது வலி தோன்றலாம். குனிந்தே வாழ்பவரிடம் மேற்பகுதித் தசைகள் ஓயாது இறுகியிருக்க, கீழ்ப்பகுதிச் சரிவகமும் பக்கவாட்டுத் தசையும் வலுக்குன்றுகின்றன. மேலே மட்டும் தைலம் தேய்ப்பவர்க்கு வலி மீண்டும் மீண்டும் வருவதில் வியப்பென்ன?

ஆயத்தம் ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்குதல் நன்று. விரதத்தோடு இதனையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது. சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி, உடலைச் சாய்த்து, மெல்லத் தள்ளி நிமிர வேண்டும். பத்துப் பன்னிரண்டு முறை போதும். பின்னர், தோள்களைக் காதருகே உயர்த்தாமல், தோள்பட்டைகளை மட்டும் பின்னிழுத்து ஐந்து விநாடி நிறுத்துக. கதவு நிலையில் முன்கைகளைப் பதித்து மார்பை முன்கொண்டு சென்றால், சுருங்கிய நெஞ்சுத் தசைகள் தளரும். தூக்கித் தசைக்கு, முகத்தை ஒரு பக்க அக்குளை நோக்கித் தாழ்த்தி, அதே பக்கக் கையால் தலையை மென்மையாக அணைத்து இருபது விநாடி இருத்தல் போதும். வெடுக்கென்று இழுத்தல் கூடாது. நெட்டி முறிக்கிறேன் என்று பிறர் கழுத்தைத் திருகும் வழக்கத்தை அறவே கைவிடுக.

காவடி எடுக்கும் நாளில் தண்டின்கீழ் மடித்த துணியை வைத்து, தோளை அடிக்கடி மாற்றிக்கொள்ளுங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் இடையே கைக்குரிய நரம்புக்கற்றை செல்கிறது. முதுகுப்பை சுமக்கும் படைவீரர்களுக்கு அதன்மீது அழுத்தம் நேர்ந்து கை செயலிழந்த நிகழ்வுகளை மருத்துவ உலகம் நன்கறியும். வாரால் தோளை அழுத்தும் பெருங்காவடிகளிலும் அதே இடர் உண்டு. கை மரத்தால் அதனை அருள் வந்த அடையாளம் என்று உடன்வருவோர் ஊக்குவிப்பது பெருந்தவறு. காவடியை இறக்கச் செய்து இளைப்பாற வைப்பதே அவ்வன்பருக்குச் செய்யும் தொண்டு. சற்று நேரம் இறக்கி வைப்பதால் நேர்த்திக்கடன் குறைந்துவிடும் என எனக்குத் தோன்றவில்லை; இடும்பனே வழியில் இறக்கி வைத்தவன்தானே!

வலி கண்டபின், முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய பனிக்கட்டியும், அதன்பின் இதமான வெந்நீர் ஒத்தடமும் கால் மணி நேரம் வரை கொடுக்கலாம். படுத்தே கிடப்பதைவிட, வலி மிகாத அளவில் கையை அசைத்துக் கொண்டிருத்தலே விரைவில் குணம் தரும். விரல்களில் மரப்பு நீடித்தாலும், கை வலுவிழந்தாலும், காய்ச்சலோடு வலி வந்தாலும் மருத்துவரை நாடுக. நெஞ்சிறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறலோடு தோளுக்கோ தாடைக்கோ வலி பரவுமாயின், அது இதய நோயாக இருக்கலாம். தைலம் தேடாமல் உடனே 999-ஐ அழையுங்கள்.

நீரிழிவு உள்ள பெரியவர்கள் தனிக் கவனம் கொள்ளவேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், இந்நாட்டு இந்தியரிடையே அந்நோய் பிற இனத்தவரைவிட மிகுந்திருந்தது. மூட்டுறை தடித்துச் சுருங்கும் ‘உறைந்த தோள்’ அவர்களை எளிதில் பற்றும். சட்டை அணியவோ தலைவாரவோ கை பின்செல்ல மறுக்கத் தொடங்கினால், பாற்குடம் தூக்கியதால் வந்த வலி என்றெண்ணி மாதக்கணக்கில் காத்திராமல், குருதிச் சர்க்கரையையும் தோளையும் ஒருசேரப் பரிசோதித்துக் கொள்ளுங்கள்.