நிலம் இருந்தால் பென்ஷன் கிடையாதா?
போரில் மகனை இழந்த பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடும்பத்தில் ஒரு பிள்ளை பட்டாளத்தில் இருந்தால், அந்த வீட்டின் கணக்கே வேறு. மாதம் பிறந்தால் வங்கியில் பணம் விழும். விதைக்கடலை வாங்க வட்டிக்குப் போக வேண்டியதில்லை. மழை தவறிய ஆண்டிலும் அடுப்பு எரியும். வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டையைப் போல, வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போகும் ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அங்கே பட்டாளத்துச் சம்பளமும் ஒரு பாசனம்தான்.

அந்தப் பிள்ளை திரும்பி வராமல் போவதும் உண்டு. 1999 கார்கில் போரில் நாடு இழந்த வீரர்கள் 527 பேர். 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் உயிர் நீத்தவர்கள் 20 பேர். அவர்களில் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர். தேசியக்கொடி போர்த்திய பெட்டி ஊருக்கு வருகிறது. ஆட்சியர் வருகிறார், குண்டுகள் முழங்குகின்றன. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகுதான், மாதா மாதம் வந்த பணம் இனி வராது என்பது வீட்டுக்கு உறைக்கிறது.

அப்போது ஊரில் ஒரு பேச்சு கிளம்பும். "உங்க பேர்ல பட்டா இருக்கு, கிணறு இருக்கு, மாடு இருக்கு. உங்களுக்கு எப்படிப்பா பென்ஷன் தருவான்?" இதைக் கேட்டே பல பெற்றோர் விண்ணப்பத்தைக் கையில் எடுக்கத் தயங்குகிறார்கள். இந்தப் பேச்சு பாதி தவறு. போரில் இறந்த வீரரின் பெற்றோரைப் பொறுத்தவரை முழுத் தவறு.

எல்லாம் ஓர் எழுத்தில் இருக்கிறது

பணியில் இருக்கும் வீரரின் மரணத்தை ராணுவம் ஏ, பி, சி, டி, ஈ என ஐந்து வகையாகப் பிரிக்கிறது. ராணுவப் பணிக்குத் தொடர்பில்லாத நோயால் வரும் மரணம் 'ஏ'. பணியின் காரணமாக வந்த நோய் 'பி'. பணியின்போது நேர்ந்த விபத்து 'சி'. தீவிரவாதிகளின் தாக்குதல் போன்றவை 'டி'. போர், எல்லை மோதல், ஊடுருவலைத் தடுக்கும் நடவடிக்கை, கண்ணிவெடி அகற்றுதல் போன்றவற்றில் நேரும் மரணம் 'ஈ'.

டி, ஈ ஆகிய இரண்டு வகைக்கும் தாராளமயக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. வீரருக்கு மனைவி இருந்தால், அவர் கடைசியாக வாங்கிய கணக்கிடத்தக்க ஊதியம் முழுவதும் மனைவிக்கு ஓய்வூதியமாகச் சேரும். வீரர் திருமணமாகாதவர் என்றாலோ, மனைவியை இழந்து பிள்ளையும் இல்லாதவர் என்றாலோ, அந்த உரிமை பெற்றோருக்கு வருகிறது. பெற்றோர் இருவரும் இருந்தால் அந்தத் தொகையில் 75 சதவீதம், ஒருவர் மட்டும் இருந்தால் 60 சதவீதம். இதைத் தரும்போது பெற்றோரின் பொருளாதார நிலையைப் பார்க்க வேண்டியதில்லை என்று பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆணையே சொல்கிறது.

அதாவது, மூன்று ஏக்கர் இருந்தாலும் முப்பது ஏக்கர் இருந்தாலும் கேள்வி இல்லை. போரில் இறந்த மகனுக்கான ஓய்வூதியம் ஏழைக்குத் தரும் உதவித்தொகை அல்ல. மகனின் பணிக்கு உரிய தொகை அது.

இரண்டு வீடுகள், ஒரே நிலம்

இரண்டு குடும்பங்களை மனத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். இரண்டு வீட்டுக்கும் தலா மூன்று ஏக்கர் மானாவாரி, நிலக்கடலை வெள்ளாமை, இரண்டு கறவை மாடு. இரண்டு வீட்டிலும் பட்டாளத்தில் ஒரு மகன். இருவரும் திருமணமாகாதவர்கள்.

முதல் வீட்டு மகன் எல்லை மோதலில் இறக்கிறார். அவர் புதிதாகச் சேர்ந்த சிப்பாய் என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் 21,700 ரூபாய், ராணுவப் பணி ஊதியம் 5,200 ரூபாய், ஆக 26,900 ரூபாய். இதில் 75 சதவீதம் 20,175 ரூபாய். பெற்றோர் இருவரும் இருக்கும்வரை இந்தத் தொகையும் இதற்குரிய அகவிலைப்படியும் மாதந்தோறும் வரும். இருவரில் ஒருவர் காலமானால் மற்றவருக்கு 60 சதவீதம், அதாவது 16,140 ரூபாயும் அகவிலைப்படியும். அவர்களுடைய நிலக்கடலை எத்தனை மூட்டை கண்டது என்று யாரும் கேட்கப் போவதில்லை.

இரண்டாம் வீட்டு மகன், பணிக்குத் தொடர்பில்லாத நோயால் இறக்கிறார். இங்கே பொருந்துவது சாதாரணக் குடும்ப ஓய்வூதியம். இதற்கு, மகன் உயிரோடு இருந்தபோது பெற்றோர் அவரை நம்பியே வாழ்ந்தார்கள் என்று காட்ட வேண்டும். பெற்றோரின் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் சேர்ந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். இந்த ஓய்வூதியம் முதலில் தாய்க்கு, அவருக்குப் பிறகு தந்தைக்கு. வருமானம் வரம்புக்குள் இருக்கிறது என்று ஆண்டுதோறும் சான்றும் தர வேண்டும்.

இந்த இரண்டாம் வீட்டிலும் கூட, அளவுகோல் நிலத்தின் பரப்பு அல்ல, அதிலிருந்து கையில் நிற்கும் வருமானம். மூன்று ஏக்கர் பட்டா இருப்பதாலேயே உரிமை போய்விடாது. மழை இல்லாமல் தரிசாகக் கிடந்த நிலம் அடங்கலில் தரிசு என்றே பதிவாகியிருக்க வேண்டும். பல ஊர்களில் நிலம் சும்மா கிடக்கும்போதும் முந்தைய ஆண்டுப் பயிரே அடங்கலில் தொடர்கிறது. பிறகு வருமானச் சான்று கேட்டுப் போகும்போது, இல்லாத வெள்ளாமைக்கு வருமானம் கணக்கிடப்படுகிறது. எனவே ஆண்டுதோறும் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பதிவைச் சரிபார்ப்பது நல்லது. பயிர்க் காப்பீட்டுக்கும் வறட்சி நிவாரணத்துக்கும் உதவும் அதே பதிவு இங்கேயும் துணைக்கு வரும்.

பி, சி வகை மரணங்களுக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதிய விதிகள் தனியாக இருக்கின்றன. ஆகவே பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எவ்வளவு வரும்' என்பதல்ல. 'மகனின் மரணம் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது' என்பதுதான். அந்த ஓர் எழுத்தை எழுத்துமூலம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பதிவில் உடன்பாடு இல்லையென்றால், விசாரணை அறிக்கையின் நகலையும் கேட்கலாம்.

எங்கே போவது?

வீரரின் பணி ஆவணங்கள் எல்லாம் அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸில் இருக்கும். எடுத்துக்காட்டாக, மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ளது. விண்ணப்பப் படிவங்கள் அங்கிருந்துதான் வரும். அவற்றை நிரப்பவும் சரிபார்க்கவும் மாவட்டத் தலைநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதவும். இதற்குக் கட்டணம் கிடையாது. ஓய்வூதியத்துக்கு ஒப்புதல் தருவது பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகம். இப்போது இந்தப் பணி 'ஸ்பர்ஷ்' என்ற இணையவழி முறையில் நடக்கிறது. ஒப்புதல் ஆனதும் பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை வரும். அதில் பெயர், பிறந்த தேதி, வகை, சதவீதம் ஆகிய நான்கையும் படித்துப் பார்த்த பிறகே பத்திரப்படுத்த வேண்டும்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான். பணிப் பதிவேட்டில் 'முருகாயி', ஆதாரில் 'முருகாயம்மாள்', வங்கியில் 'மு. முருகாயி'. ஊருக்கு இது ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். மகன் பணியில் இருக்கும்போதே இதைத் திருத்துவது எளிது. அவர் தம் பிரிவில் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் பதிவேட்டில் மாற்றம் செய்துவிடுவார்கள். அவர் போன பிறகு அதே திருத்தத்துக்குத் தாய் தாலுகா அலுவலகத்துக்கும் நோட்டரிக்கும் நல அலுவலகத்துக்கும் அலைய வேண்டியிருக்கும்.

மருமகள் இருக்கும் வீடு

மகனுக்குத் திருமணமாகியிருந்தால், மாத ஓய்வூதியத்தில் முதல் உரிமை மருமகளுக்கே. மகனை வளர்த்துப் படிக்கவைத்த பெற்றோருக்கு இது கசப்பாக இருக்கலாம். பல வீடுகளில் கருமாதி முடியும் முன்பே இதில் சண்டை தொடங்கிவிடுகிறது. ஆனால் அந்தப் பெண்ணும் அதே துக்கத்தில் இருப்பவர். பெரும்பாலும் இளம் வயது, கையில் குழந்தை.

இதற்கு வழி, மகன் இருக்கும்போதே பேசுவதுதான். குழுக் காப்பீட்டுத் தொகையும் வருங்கால வைப்பு நிதியும் அவர் யாரை நியமனதாரராக எழுதிக் கொடுத்திருக்கிறாரோ அவருக்குச் சேரும். திருமணத்துக்கு முன் தாயின் பெயரை எழுதியவர் பிறகு மாற்றாமலே விட்டிருப்பார். அல்லது அவசரத்தில் மனைவி பெயருக்கு முழுவதும் மாற்றி, பெற்றோரை மறந்திருப்பார். மாத ஓய்வூதியம் மனைவிக்கு, மற்றவற்றில் பெற்றோருக்கு ஒரு பங்கு என்று மகனே தீர்மானித்து எழுதி வைத்தால், பின்னால் பஞ்சாயத்துக்கு வேலை இல்லை.

அக்னிவீர் பெற்றோர் கவனத்துக்கு

2022 முதல் அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுப் பணிக்குச் சேரும் வீரர்களுக்கு மேலே சொன்ன மாத ஓய்வூதியம் பொருந்தாது. அக்னிவீர் பணியின் காரணமாக உயிரிழந்தால் குடும்பத்துக்கு 48 லட்சம் ரூபாய் காப்பீடு, 44 லட்சம் ரூபாய் கருணைத் தொகை, பணியாற்றாமல் எஞ்சிய காலத்துக்கான ஊதியம், சேவா நிதித் தொகை ஆகியவை மொத்தமாக வரும். மாதந்தோறும் வரும் பணம் இல்லை என்பதால், வந்ததும் வீடு, கார், கைமாற்று என்று கரைந்துபோகும் ஆபத்து அதிகம். அஞ்சலகத்திலோ தேசிய வங்கியிலோ பெற்றோர் பெயரில் மாத வட்டி தரும் கணக்கில் பெரும்பகுதியைப் போட்டு வைத்தால், அதுவே ஓய்வூதியம் போல வேலை செய்யும்.

வாசகர் கேள்விகளுக்கு

*மகன் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி விண்ணப்பிக்கலாமா?*

விண்ணப்பிக்கலாம். ஓய்வூதியம் மறுக்கப்படுவது மாதந்தோறும் தொடரும் பாதிப்பு. எனவே தாமதத்தை மட்டும் காரணம் காட்டி உரிமையையே தள்ளிவிட முடியாது என்பதே பொது நிலை. ஆனால் 2008இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியபடி, நிலுவைத் தொகை பொதுவாக வழக்குக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் இழப்புதான்.

*விண்ணப்பத்தை நிராகரித்துக் கடிதம் வந்துவிட்டது. என்ன செய்வது?*

அந்தக் கடிதத்தைத் தூக்கி எறிய வேண்டாம். காரணத்தைப் படித்து, அதில் சொல்லியுள்ள காலக்கெடுவுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் தீராவிட்டால், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் அமர்வு சென்னையிலும் உண்டு.

*கணவர் காலமாகிவிட்டார். ஓய்வூதியம் நின்றுவிடுமா?*

நிற்காது. மேலே சொன்னபடி தாராளமய ஓய்வூதியம் 75 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகி உங்களுக்குத் தொடரும். இறப்புச் சான்றுடன் உடனே தெரிவிக்க வேண்டும். வாழ்நாள் சான்றையும் ஆண்டுதோறும் தவறாமல் தர வேண்டும்.

'பிள்ளை உயிருக்கு விலையா?'

விதிகள் எல்லாம் தெரிந்த பிறகும் கையெழுத்துப் போட மறுக்கும் தந்தையர் உண்டு. "எம்புள்ள உசுரை வித்த காசுல நான் சோறு திங்கணுமா?" என்று படிவத்தைத் தள்ளிவிடுவார்கள். தாய்மார்களோ சத்தமில்லாமல் அழுதுவிட்டு, யார் கேட்டாலும் "அவுங்கப்பாவைக் கேளுங்க" என்று சொல்லிவிடுவார்கள். ஊர்ப் பெரியவர்களும் உறவினர்களும் இந்த இடத்தில் பக்குவமாகப் பேச வேண்டும். மகன் இருந்திருந்தால் மாதம் பிறந்ததும் அவர் அனுப்பியிருக்கும் பணம்தான் இது. பெற்றோர் முதுமையில் யாரிடமும் கை நீட்டக் கூடாது என்றுதான் அவர் பட்டாளத்துக்கே போனார். அதை வாங்க மறுப்பது அவருடைய எண்ணத்தை மறுப்பதாகிவிடும்.

பட்டாளத்தில் பிள்ளை இருக்கும் வீடுகள், அடுத்த விடுமுறைக்கு அவர் ஊர் வரும்போது ஓர் அரை நாள் ஒதுக்க வேண்டும். பெற்றோர் பெயர் பணிப் பதிவேடு, ஆதார், வங்கி மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா, நியமனம் யார் பெயரில் இருக்கிறது, தாய் தந்தை இருவருக்கும் கூட்டுக் கணக்கு உண்டா என்று பார்த்துவிட வேண்டும். அபசகுனம் என்று ஒத்திப்போடும் வேலை அல்ல இது. விதைப்புக்கு முன் வரப்பைச் சரிசெய்வது போன்றது. மழை வருமோ வராதோ, வரப்பு சரியாக இருக்க வேண்டும்.