கோடு இல்லாத எலும்பு

கறிக்கடையில் ஆட்டுத் தொடை எலும்பை மூட்டருகே வெட்டும்போது கவனித்திருக்கிறீர்களா? வெளியே கத்தியையே சோதிக்கும் ஓடு, உள்ளே கடற்பஞ்சு போன்ற நுண்ணறைகள். ஓடு எங்கே முடிந்து பஞ்சு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. வெளியோட்டில் பத்து சதவீதம்கூட இல்லாத வெற்றிடம், உள்ளே போகப் போக ஐம்பது, எண்பது என ஏறும்.

மாற்று எலும்பு செய்பவர்களின் தலைவலியே இந்தக் கோடின்மைதான். எலும்பின் தாதுவுக்கு நெருங்கிய உறவான ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் பீங்கானை உடல் நன்றாகவே ஏற்கிறது. 100 மைக்ரோமீட்டருக்கு மேல் அகலமுள்ள, ஒன்றோடொன்று இணைந்த துளைகள் இருந்தால் ரத்தக்குழாய்களும் எலும்புச் செல்களும் உள்ளே குடியேறும். ஆனால் துளை கூடினால் வலு சரியும். வலுவுக்காக இறுக்கினால் செல்களுக்கு வாசல் இல்லை. ஆகவே இரண்டையும் ஒரே துண்டில், படிப்படியாக மாறும்படி வைக்க வேண்டும். இந்த யோசனை மருத்துவத்தில் முளைத்ததல்ல. 1980களின் நடுவில், விண்விமானத்துக்கு வெப்பக் கவசம் தேடிய ஜப்பானியர்கள் ஒருபுறம் பீங்கான், மறுபுறம் உலோகம், நடுவே மெல்ல மாறும் கலவை என்று தொடங்கி வைத்தது.

செய்முறையில் வில்லன் சூளைதான். பீங்கான் தூள் குழம்பில் பாலியூரித்தேன் பஞ்சை முக்கி, காயவைத்துச் சுட்டால் பஞ்சு எரிந்துபோகும். அதன் வடிவம் பீங்கானாக நிற்கும். பக்கத்தில் அடர்ந்த அடுக்கையும் ஒட்டிச் சுடும்போதுதான் வம்பு. 1,200 டிகிரி செல்சியஸ் வாக்கில் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி, ஒட்டிய இடத்திலேயே பிளக்கும். ஈரம் காய்ந்த பானையில் பச்சை மண்ணால் கைப்பிடி வைத்துப் பார்த்த குயவருக்கு இது புதிதல்ல. எனவே துளையளவு கொஞ்சம் கொஞ்சமாக மாறும் பல மெல்லிய அடுக்குகளை நடுவே வைத்து, சூட்டையும் மெதுவாக ஏற்றுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது பனி வழி. குச்சி ஐஸை உறிஞ்சினால் சாயமும் இனிப்பும் வாய்க்கு வந்து வெறும் ஐஸ் மிஞ்சுமே, அதே சங்கதி. உறையும் நீர் தன்னுள் கலந்ததை வெளியே தள்ளும். பீங்கான் குழம்பை அடியிலிருந்து குளிர்வித்தால் பனித் தகடுகள் தூளை ஒதுக்கிக்கொண்டே மேலே வளரும். பிறகு பனியை ஆவியாக்கிச் சுட்டால், பனி நின்ற இடமெல்லாம் துளை. குளிர்தட்டை ஒட்டி வேகமாக உறைந்த பகுதியில் துளைகள் நுணுக்கம். மேலே போகப் போக அகலம். பசை வைத்து ஒட்டிய இடமே இல்லை! அமெரிக்காவின் பெர்க்லியில் இருந்து 2006இல் வெளிவந்த ஆய்வு இந்த வழியைப் பரவலாக்கியது.

இருந்தும் பீங்கான் பீங்கான்தான்: அமுக்கினால் தாங்கும், வளைத்தால் உடையும். பழுதான எலும்பில் விழுந்த குழியை நிரப்ப இதை நம்புகிற மருத்துவர், ஓடியாடும் தொடை எலும்பின் முழுச் சுமைக்கு இன்னும் டைட்டானியம் கம்பியைத்தான் எடுக்கிறார்.