பிளக்கைக் கழற்ற முன்னர் கறுப்புத் திரையைத் திறவுங்கள்

பெருநாள் சீசன். கடை நிறையச் சனம். அந்த நேரம் பார்த்து பில் போடும் சொப்ட்வெயார் உறைந்துவிடுகிறது. மவுஸை அசைத்தும் பலனில்லை. கெஷியர் தம்பி மேசைக்குக் கீழே குனிந்து பிளக்கைக் கழற்றி மாட்டுவார். நமது கடைகளில் அனேகமாக நடப்பது இதுதான்.

இதனால் அந்தச் சொப்ட்வெயார் மட்டும் நிற்பதில்லை. பக்கத்தில் திறந்திருந்த கடன் கணக்கும் இருப்புக் கணக்கும் சேர்ந்தே அறுந்துபோகின்றன. ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்தால் மறுபடி திறக்காமலே போகலாம். யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்ற கணக்கையே தொலைத்த வியாபாரியின் நிலையை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

விண்டோஸுக்குள்ளேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. கொமாண்ட் ப்ரொம்ப்ட் என்பார்கள். 1981இல் வந்த டொஸ் காலத்துக் கறுப்புத் திரையின் வாரிசு அது. விண்டோஸ் சின்னமுள்ள விசையை அழுத்திக்கொண்டு ஆர் விசையைத் தட்டினால் சிறு பெட்டியொன்று வரும். அதில் சீ, எம், டீ ஆகிய மூன்று எழுத்துக்களை அடித்து என்டர் கொடுத்தால் கறுப்புத் திரை திறக்கும். இனி நான் உச்சரிப்பில் எழுதும் கட்டளைகளை நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

முதலில் டாஸ்க்லிஸ்ட் என்று ஒரே சொல்லாக அடியுங்கள். கணனியில் ஓடிக்கொண்டிருக்கும் அத்தனையும் பெயரோடு வரிசையாக வரும். உறைந்துபோனது எக்செல் என்றால் அதன் பெயர் எக்செல் புள்ளி ஈஎக்ஸ்ஈ. அடுத்து டாஸ்க்கில், இடைவெளி, சாய்கோடு ஐஎம், இடைவெளி, பிறகு அந்தப் பெயர். இது மரியாதையாக மூடச் சொல்வது. சொப்ட்வெயாருக்கு இன்னும் உயிர் இருந்தால் 'சேமிக்கவா' என்று உங்களிடம் கேட்கும். அரை நிமிடம் பொறுத்தும் அசையவில்லை என்றால் அதே கட்டளையின் கடைசியில் சாய்கோடு எஃப் சேர்த்து அடியுங்கள். இது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது. சேமிக்காதது போய்விடும், ஆனால் மற்ற சொப்ட்வெயார்கள் தம்பாட்டில் ஓடும். ஒன்றைக் கவனியுங்கள். எக்செலில் நான்கு கோப்புகள் திறந்திருந்தால் இந்தக் கட்டளை நான்கையும் மூடும், உறைந்ததை மட்டுமல்ல.

மூடுவதைப் போலவே திறப்பதும் இலகு. ஸ்டார்ட் என்று அடித்து, இடைவெளி விட்டு எக்செல் என்றால் எக்செல் திறக்கும். பில் சொப்ட்வெயாருக்கு அப்படிக் குறுக்குவழி பெரும்பாலும் இருக்காது. அது எந்த ட்ரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று முழு விலாசமும் கொடுக்க வேண்டும். விலாசத்தை அடிக்கச் சிரமமென்றால் அந்தக் கோப்பை மவுஸால் இழுத்துக் கறுப்புத் திரையில் போடுங்கள், விலாசம் தானாக எழுதப்படும். இங்கே பலர் தடுக்கி விழும் இடமொன்று உண்டு. விலாசம் மேற்கோள் குறிக்குள் இருந்தால், ஸ்டார்ட் கட்டளை அதை ஜன்னலின் தலைப்பு என்று எடுத்துக்கொண்டு வெறும் கறுப்புத் திரையொன்றைத் திறந்து காட்டும். ஆகவே ஸ்டார்ட்டுக்கு அடுத்து உள்ளே ஒன்றுமில்லாத இரட்டை மேற்கோள் குறியைப் போட்டு, பிறகு விலாசத்தைக் கொடுங்கள்.

தினமும் இதையெல்லாம் யார் அடிப்பது என்று கேட்பீர்கள். அடிக்கத் தேவையில்லை. கட்டளைகளை நோட்பேடில் வரிக்கொன்றாக எழுதி, கோப்பின் பெயர் புள்ளி பீஏடி என்று முடியும்படி சேமித்தால் போதும். அதன்மேல் இரண்டு தரம் கிளிக் செய்தால் எல்லாம் வரிசையாக நடக்கும். சேமிக்கும்போது பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள், இல்லாவிட்டால் நோட்பேட் தன் வாலையும் ஒட்டிவிடும்.

எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இரண்டே வரி. முதல் வரியில் ஸ்டார்ட்டுக்குப் பின் சாய்கோடு வெயிட் சேர்த்து பில் சொப்ட்வெயாரைத் திறக்கச் சொல்வது. இரண்டாவது வரியில் எக்ஸ்கொப்பி கட்டளையால் கணக்கு ஃபோல்டரை பென் ட்ரைவுக்குப் பிரதி எடுக்கச் சொல்வது. அதன் கடைசியில் சாய்கோடு டீ, சாய்கோடு ஈ, சாய்கோடு ஐ, சாய்கோடு வை என நான்கும் வேண்டும். வெயிட் என்றிருப்பதால் சொப்ட்வெயார் மூடும்வரை இரண்டாவது வரி காத்திருக்கும். இரவில் கெஷியர் மூடியதும், யாரும் ஞாபகப்படுத்தாமலே பிரதி ஏறிவிடும். சில சொப்ட்வெயார்கள் வேறொன்றைத் திறந்துவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொள்ளும். அவற்றில் இது சரிவராது, முதல் நாளே பரீட்சித்துப் பாருங்கள். புதிய பிரதி பழையதன் மேல் ஏறும் என்பதால் இரண்டு பென் ட்ரைவ்களை மாறி மாறிப் பாவிப்பது நல்லது.

ஷட்டவுன், சாய்கோடு எஸ், சாய்கோடு டீ, பிறகு 600 என்று கொடுத்தால் 600 செக்கனில், அதாவது 10 நிமிடத்தில், கணனி தானாக அணையும். மனம் மாறினால் ஷட்டவுன் சாய்கோடு ஏ. இப்படி நேரம் குறித்து அணைக்கும்போது திறந்திருப்பவற்றை விண்டோஸ் பலவந்தமாகவே மூடும், சேமிக்கவா என்று கேட்டுக்கொண்டு நிற்காது. கணக்கு திறந்திருக்கும் கணனியில் இதை ஏவிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள்.

பில் பிரிண்டர் வரிசை சிக்கினாலும் பிளக்கைத் தேட வேண்டாம். கொமாண்ட் ப்ரொம்ப்டை நிர்வாகி உரிமையோடு திறந்து நெட் ஸ்டொப் ஸ்பூலர், அடுத்து நெட் ஸ்டார்ட் ஸ்பூலர். பல சந்தர்ப்பங்களில் இதுவே போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகு இதைச் சொல்லாமல் விடமுடியாது. 2024 முதல் உலகெங்கும் பரவிய மோசடியொன்று இதே சிறு பெட்டியைத்தான் பயன்படுத்துகிறது. நீங்கள் மனிதர்தானா என்று சோதிப்பதாகத் திரையில் ஓர் அறிவித்தல் வரும். விண்டோஸ் விசையோடு ஆர், பிறகு கொன்ட்ரோல் விசையோடு வீ, பிறகு என்டர் என்று வழிகாட்டும். உங்களுக்குத் தெரியாமல் ஏற்கனவே பிரதி செய்து வைக்கப்பட்ட கட்டளையை உங்கள் கையாலேயே ஏவச் செய்கிறார்கள். அது கடவுச்சொற்களைத் திருடும் சொப்ட்வெயாரை இறக்கும். இணையவழி வங்கிக் கணக்கைப் பாவிக்கும் கடைக்கு அது எவ்வளவு தூரம் போகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். மனிதரா என்று பார்ப்பதற்கு எந்த உண்மையான தளமும் இந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. கடையில் யாராவது அப்படி அடித்துவிட்டால் ஏசிக்கொண்டிருக்க நேரமில்லை. முதலில் அந்தக் கணனியின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு கணனியிலோ கைத்தொலைபேசியிலோ வங்கிக் கடவுச்சொல்லை மாற்றி, வங்கிக்கு உடனே அறிவியுங்கள். துப்புரவு செய்யும்வரை அந்தக் கணனியில் பில் போட வேண்டாம், அன்றைக்குக் கைப் பில் போதும்.