போனைப் பறித்தால் பிள்ளை வாய் திறக்காது

2006இல் போரால் இடம்பெயர்ந்து, கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் முகாம் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக இருந்துவிட்டு, 2015க்குப் பிறகுதான் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர் மக்கள் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். அந்த முகாம்களில் பிறந்த பிள்ளைகள் இன்று சாதாரண தரம், உயர்தரம் படிக்கிறார்கள். தாயோ தகப்பனோ வளைகுடாவில் வேலை செய்யும் வீடுகளில், பிள்ளை அவர்கள் முகத்தைப் பார்ப்பதே ஐமோ காணொளி அழைப்பில்தான். ‘பிள்ளைகளுக்குப் போன் கொடுக்காதீர்கள்’ என்று மேடையில் சொல்லலாம். இந்த வீடுகளில் அது நடக்காது. அதனால் போன் வழியே தொல்லை வந்தால் என்ன செய்வது என்ற பெற்றோரின் சந்தேகங்களைப் பார்ப்போம்.

சந்தேகம்: மகளின் முகத்தை வேறு உடலில் ஒட்டி முகநூலில் போட்டுவிட்டார்கள். அவளுடைய கணக்கை உடனே அழித்துவிடட்டுமா?

விளக்கம்: வேண்டாம். பதற்றத்தில் அழித்தால் சாட்சியமும் சேர்ந்து போய்விடும். போட்டவரின் கணக்குப் பெயர், அதன் இணைப்பு முகவரி, திகதி, மிரட்டிய செய்திகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பெயரை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம் என்பதால் இணைப்பு முகவரிதான் முக்கியம். ஆனால் அந்த ஆபாசப் படத்தை மட்டும் பிரதி எடுக்கவோ, ‘இதைப் பாருங்கோ’ என்று உறவினருக்கு அனுப்பவோ வேண்டாம். 18 வயதுக்குக் குறைந்தவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதே தண்டனைச் சட்டக் கோவையின் 286ஏ பிரிவின்படி குற்றம்.

படத்தை நீக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை உண்டு. படம் ஏற்கெனவே போனில் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். படம் போனைவிட்டு வெளியே போகாது; அதிலிருந்து உருவாகும் எண் அடையாளம் மட்டும் போகும். அதை வைத்து முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற தளங்கள் படத்தைத் தேடி எடுக்கின்றன. வட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை இதனால் பிடிக்க முடியாது. அங்கே பரவுமுன் முதல் நாளிலேயே முறையிடச் சொல்வது அதனால்தான்.

சந்தேகம்: காசு தராவிட்டால் படத்தை எல்லோருக்கும் அனுப்புவேன் என்று ஒருவன் மிரட்டுகிறான். கொடுத்துத் தொலைக்கலாமா?

விளக்கம்: கொடுக்க வேண்டாம். கொடுத்தால் அடுத்த கிழமையும் கேட்பான்.

சந்தேகம்: பொலிசுக்குப் போனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே?

விளக்கம்: நியாயமான பயம். சின்ன ஊரில் பொலிஸ் வாசலில் யார் நின்றார்கள் என்பது பின்னேரத்துக்குள் பரவிவிடும். அதனால் முதல் படியாக தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே அழையுங்கள். மூதூர் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் கேட்கலாம். கணக்கை யாராவது களவாடியிருந்தால், இணையப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கு அழையுங்கள்.

சந்தேகம்: அவுஸ்திரேலியாபோல இங்கும் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகத் தடை வந்தால் நல்லதுதானே?

விளக்கம்: அங்கே 2025 டிசம்பரில்தான் தடை நடைமுறைக்கு வந்தது, பலனைப் பார்க்கக் காலம் வேண்டும். நம்முடைய 2024ஆம் ஆண்டு நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பிள்ளைகளின் பெயரையும் சொல்லித்தான் வந்தது. கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கிறது என்ற கண்டனம்தான் மிச்சம். சட்டத்தைவிட வீட்டுக்குள் நடப்பதே என் கவலை. தொல்லைப்படும் பிள்ளை சொல்லாமல் மறைப்பதற்கு, சொன்னால் போனைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம் பெரிய காரணம். சம்பூரில் போன் போனால் அம்மாவின் குரலும் போகும். ஆகவே பெற்றோரே, பிள்ளை வந்து சொன்னால் போனில் கை வைக்காதீர்கள். பக்கத்தில் இருந்து 1929க்கு எடுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், அழைப்பு இலவசம்.