கொல்லிப்பாவையும் பௌர்ணமி ஓநாயும்: பழைய பயத்தைப் புதிதாகப் படமாக்குவது எப்படி?

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் கொல்லிமலைச் சாலை, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காட்டை எட்டுகிறது. பனி இறங்கிவிட்டால் எதிரே வரும் பேருந்தின் விளக்கு மட்டும்தான் தெரியும். திகில் படம் எடுக்கிறவர்கள் தேடி அலையும் இடம் இப்படித்தான் இருக்கும். கதைக்கும் பஞ்சமில்லை. அத்துமீறி வருகிறவனைச் சிரித்தே மயக்கிக் கொன்றுவிடும் கொல்லிப்பாவை இந்த மலையில்தான் இருந்தது என்பார்கள்.

பழைய பயங்களை ஹாலிவுட் அடிக்கடி தூசி தட்டி எடுக்கிறது. அதில் ஒன்று, பௌர்ணமி இரவில் ஓநாயாக மாறும் மனிதனின் கதை. யுனிவர்சல் நிறுவனம் 1941இல் எடுத்த ‘தி வுல்ஃப் மேன்’ படத்தை 2010இல் ‘தி வுல்ஃப்மேன்’ என்று மறுபடியும் எடுத்தது. பெரிய நடிகர்கள், பெரும் செலவு, விக்டோரியா காலத்து இங்கிலாந்து என எல்லாம் இருந்தும் படம் எடுபடவில்லை. ஏன் எடுபடவில்லை என்று பார்த்தால், பாவையைப் படமாக்க நினைக்கும் எவருக்கும் பயன்படும் சங்கதி கிடைக்கிறது.

2010 படத்தின் கதை என்ன?

ஆண்டு 1891. நாடக நடிகன் லாரன்ஸ் டால்பட், அண்ணன் காணாமல் போன செய்தி கேட்டு பிளாக்மூர் என்ற ஊரில் உள்ள தன் குடும்ப மாளிகைக்குத் திரும்புகிறான். அண்ணன் குதறப்பட்ட பிணமாகக் கிடைக்கிறான். காரணம் தேடிப்போகும் லாரன்ஸையும் அந்த மிருகம் கடிக்கிறது. அடுத்த பௌர்ணமிக்கு அவனே ஓநாயாகிறான். லாரன்ஸாக பெனிசியோ டெல் டோரோவும், அப்பா சர் ஜானாக ஆன்டனி ஹாப்கின்ஸும், அண்ணனின் வருங்கால மனைவியாக எமிலி பிளன்ட்டும் நடித்தார்கள். இயக்கியவர் ஜோ ஜான்ஸ்டன். படப்பிடிப்புக்குச் சில வாரங்களே இருந்தபோது முதல் இயக்குநர் மார்க் ரோமானெக் விலகிக்கொள்ள, அவசரத்தில் வந்து சேர்ந்தவர் அவர்.

படத்தில் மறக்க முடியாத காட்சி ஒன்று உண்டு. லண்டன் மனநோய் மருத்துவமனையின் விரிவுரைக் கூடம். லாரன்ஸை நாற்காலியில் வாரால் கட்டி, மருத்துவர்கள் நிறைந்த அரங்கின் நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். மனிதன் ஓநாயாவது வெறும் மனப்பிரமை என்று பேராசிரியர் விளக்கிக்கொண்டிருக்கிறார். ஜன்னலில் நிலா எழுகிறது. பேராசிரியரின் முதுகுக்குப் பின்னால் விரல் எலும்புகள் நீள்கின்றன, வார் அறுகிறது. எதையும் அறிவியலால் அடக்கிவிடலாம் என்ற அந்தக் காலத்து நம்பிக்கை அந்த ஒரே காட்சியில் கிழிபடுகிறது.

ஒப்பனைக்காக ரிக் பேக்கருக்கும் டேவ் எல்சிக்கும் 2011இல் ஆஸ்கர் கிடைத்தது. சிறந்த ஒப்பனைக்கு ஆண்டுதோறும் ஆஸ்கர் தரும் வழக்கம் 1982இல் தொடங்கியபோது முதல் விருதை வாங்கியவரும் இதே பேக்கர்தான். அதுவும் ஓநாய் மனிதன் கதைக்குத்தான்: ‘ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்’. ஆனால் வசூல் கைகொடுக்கவில்லை. ஏறத்தாழ 15 கோடி டாலர் செலவில் உருவான படம், உலகம் முழுவதும் ஓடியும் அந்தத் தொகையைத் தொடவில்லை.

1941 படம் மட்டும் எப்படி நின்றது?

இத்தனைக்கும் 1941 படத்தில் விக்டோரியா காலமே கிடையாது. கதை நடப்பது வேல்ஸ் நாட்டு ஊர் ஒன்றில், படம் வந்த அதே காலத்தில். லான் சேனி ஜூனியர் நடித்த நாயகன் காரில் வந்து இறங்குகிறான். ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் யாக் எருமையின் முடியைக் கொத்துக் கொத்தாக முகத்தில் ஒட்டித்தான் அந்த ஓநாயை உருவாக்கினார்.

திரைக்கதை எழுதிய கர்ட் சியோட்மாக், ஜெர்மனியில் பிறந்த யூதர். நாஜிகள் ஆட்சியைப் பிடித்ததும் நாட்டைவிட்டு வெளியேறியவர். அவர் எழுதிய கதையில் ஓநாய் மனிதன் அடுத்து யாரைக் கொல்லப்போகிறானோ, அவர் உள்ளங்கையில் நட்சத்திரக் குறி தெரியும். நேற்றுவரை நல்லவனாக இருந்த பக்கத்து வீட்டுக்காரன் ஒரே இரவில் மிருகமாவதும், குறி விழுந்தவர் சாவதும் அவருக்குக் கற்பனை அல்ல. பேர்ல் ஹார்பர் மீது குண்டு விழுந்த சில நாட்களிலேயே படம் திரைக்கு வந்தது. பார்த்தவர்களின் சொந்தப் பயம் அதில் இருந்தது.

வெள்ளியால்தான் ஓநாய் மனிதன் சாவான், நிலவு எழுந்தால் மாறுவான் என்பதையெல்லாம் ஐரோப்பாவின் ஆதிகால நம்பிக்கை என்றே பலரும் நினைக்கிறார்கள். இந்த விதிகள் உலகம் முழுவதும் பரவி நிலைத்ததற்கு சியோட்மாக்கின் கதையும் அதைத் தொடர்ந்து வந்த படங்களும்தான் பெரும் காரணம். 1941 படத்தில் மனிதன் மாறுவது இலையுதிர்காலத்து நிலவில். 1943இல் வந்த அடுத்த பாகத்தில்தான் அது முழுநிலவு என்று உறுதியானது. பழங்கதை என்று நாம் கும்பிடுவதில் பாதி, முந்தாநாள் எழுதியது.

சாபம் இந்தியாவிலிருந்து வந்ததா?

2010 படத்தில் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அப்பா சர் ஜானுக்கே இருக்கும், ஓநாயாக மாறும் இந்தச் சாபம் எங்கே ஒட்டியது? இந்தியப் பயணத்தில், இந்துகுஷ் மலைக்குகையில், காட்டுத்தனமான ஒரு சிறுவன் கடித்து. மாளிகையில் அவருக்குத் துணையாக சிங் என்ற சீக்கியப் பணியாளும் இருக்கிறார். நடித்தவர் ஆர்ட் மாலிக்.

இது திடீரென்று முளைத்த யோசனை அல்ல. யுனிவர்சலே 1935இல் எடுத்த ‘வேர்வுல்ஃப் ஆஃப் லண்டன்’ படத்தில் தாவரவியல் அறிஞரை ஓநாய் மனிதன் கடிப்பது திபெத்தில். அதற்கும் முன்பு, 1890இல் ருட்யார்ட் கிப்ளிங் எழுதிய ‘தி மார்க் ஆஃப் தி பீஸ்ட்’ கதை நடப்பதே இந்தியாவில். குடிபோதையில் கோயிலுக்குள் புகும் வெள்ளைக்காரன் அனுமார் சிலையின் நெற்றியில் சுருட்டை அணைக்கிறான். தொழுநோயாளி ஒருவர் வந்து அவன் மார்பில் தலையைப் பதிக்கிறார். மறுநாள் அவன் பச்சை மாமிசம் கேட்கிறான், இரவில் ஓநாய்போல ஊளையிடுகிறான்.

ஆண்ட நாட்டில் செய்த அக்கிரமம் வீடுவரை துரத்தி வரும் என்ற அச்சம் விக்டோரியா காலத்தின் திகில் கதைகளில் பலமுறை தலைகாட்டுகிறது. 2010 படம் அந்த நூலைக் கையில் எடுத்தது. பிடித்து இழுக்கவில்லை. குகைச் சிறுவன் சில நொடிகளில் வந்து மறைகிறான். மீதி நேரமெல்லாம் மாளிகை, மூடுபனி, குதிரை வண்டி, விளக்கு வெளிச்சம். அடுத்தவர் காலத்து உடையில் அடுத்தவர் காலத்துப் பயத்தையே காட்டினால், பார்க்கிறவருக்கு அது அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிதான்.

கொல்லிப்பாவை முதலில் கொன்றாளா?

சங்கப் பாடல்களில் இந்தப் பாவை பலமுறை வருகிறாள். நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு மூன்றிலும் இருக்கிறாள். கபிலரும் பரணரும் பாடியிருக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே அவள் யாரையும் மிரட்ட வருவதில்லை. காதலியின் அழகுக்கு உவமையாக வருகிறாள். தெய்வம் செய்தது, பூதம் செய்தது என்று வெவ்வேறு பாடல்கள் சொல்கின்றன. காற்றடித்தாலும் மழை கொட்டினாலும் இடி விழுந்தாலும் அழகு குன்றாதவள் என்கிறது ஒன்று. அகநானூற்றில் கல்லாடனார், வல்வில் ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்த காரியைப் பாடும்போது, அந்த மலையின் பலாவையும் பாவையையும் சேர்த்தே சொல்கிறார்.

மலையில் தவம் செய்தவர்களைக் காக்க நிறுத்தப்பட்டவள், அசுரர் வந்தால் வாடையிலேயே கண்டுகொள்வாள், சிரித்து அருகே இழுத்து உயிரை எடுப்பாள் என்று விரியும் கதை பிற்காலத்தில் வளர்ந்து பரவியது. தானே அசையும் பொறி என்றும் சொன்னார்கள். இன்று மலைமேல் எட்டுக்கை அம்மன் கோயிலில் இருப்பவளே கொல்லிப்பாவை என்று மக்கள் கும்பிடுகிறார்கள், வேண்டுதல் வைக்கிறார்கள்.

காதலனின் கண்ணுக்கு அழகி, மலைக்குக் காவல்காரி, குடிகளுக்கு அம்மன். யாரும் இதை மறு ஆக்கம் என்று சொல்லவில்லை, ஆனாலும் ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய பாவையைச் செய்துகொண்டது. அதனால்தான் அவள் ஈராயிரம் ஆண்டு தாண்டியும் செத்துப்போகவில்லை.

நம் ஊரில் மனிதன் ஏன் ஓநாயாவதில்லை?

தமிழ்த் திகிலில் உடம்பு மாறுவது அபூர்வம். உடம்பு அப்படியே இருக்கும், உள்ளே வேறொருவர் வந்துவிடுவார். பேய் பிடித்தாலும் சரி, சாமி வந்தாலும் சரி, குரலும் பார்வையும்தான் மாறும். ‘சந்திரமுகி’யில் (2005) கங்கா சந்திரமுகியாவதற்கு ரோமமும் கோரைப்பல்லும் தேவைப்படவில்லை, கண்ணே போதுமானதாக இருந்தது.

உருமாற்றம் பற்றிய நம் கதைகளிலும் அதன் பொருள் வேறு. கொல்லிமலை சித்தர் மலை. ஆகாயகங்கை அருவிப் பக்கம் கோரக்கர் குகை இருக்கிறது. கூடுவிட்டுக் கூடுபாய்வது அவர்கள் கதையில் முயன்று பெற்ற சித்தி. மேற்கே அது கடித்து ஒட்டும் சாபம், நோய். எனவே ஓநாயை அப்படியே இறக்குமதி செய்தால் அது இங்கே வேஷமாகவே நிற்கும்.

வேர் பிடிக்க வைக்க முயன்றவர்களும் உண்டு. மகேஷ் பட்டின் ‘ஜுனூன்’ (1992) ஓநாயைப் புலியாக்கியது. மனித மிருகத்தை வைத்து ‘அம்புலி’ (2012) தமிழில் முப்பரிமாணப் படமாக வந்தது. இதில் தெளிவாக யோசித்தது இந்தியில் வந்த ‘பேடியா’ (2022). அருணாசலப் பிரதேசத்தின் ஸீரோ வட்டாரக் காட்டில் சாலை போட வரும் ஒப்பந்தக்காரனை ஓநாய் கடிக்கிறது. அங்கே ஓநாய், காட்டின் காவல். கதையின் எலும்புக்கூட்டைப் பார்த்தால் அது வுல்ஃப்மேனுக்குச் சொந்தமில்லை, கொல்லிப்பாவைக்குத்தான் நெருங்கிய உறவு.

அப்படியானால் பாவையை எப்படி எடுப்பது?

யுனிவர்சலும் விடவில்லை. 2025இல் லீ வானல் இயக்கிய ‘வுல்ஃப் மேன்’ கதையை இன்றைய அமெரிக்கக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தது. மாளிகை போய்ப் பண்ணைவீடு வந்தது. சாபம் போய், மனைவி குழந்தை கண்ணெதிரே ஒரு மனிதனைத் தின்னும் நோய் வந்தது. உடையை மாற்றினால் போதாது, பயத்தை மாற்ற வேண்டும் என்பதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டதுபோல் இருந்தது.

வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், பாழடைந்த பங்களா என்று கொல்லிப்பாவையைப் படமாக்கினால் 2010 படத்துக்கு நேர்ந்ததே நேரும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இன்று இந்த மலைக்கு யார் அசுரர்? சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் மரவள்ளி பரவியது, கீழே உள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்காக. அழிந்துவரும் சிறுதானிய வகைகளைக் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்தே இங்குள்ள மலையாளிப் பழங்குடி விவசாயிகளோடு வேலை செய்திருக்கிறது. அடிவாரத்துச் சந்தை மலையின் விதையை விழுங்கும் கதையில் அசுரனுக்குக் கொம்பு வைக்கத் தேவையில்லை. விலை பேச வந்த வியாபாரியாகவும் இருக்கலாம், வார இறுதிக்கு ஏறிவந்து பாட்டிலை அருவியில் வீசும் ஆளாகவும் இருக்கலாம்.

சியோட்மாக் செய்ததும் இதைத்தான்: தன்னைத் துரத்தியதை ஓநாயாக்கினார். கொல்லிப்பாவைக்குத் திரைக்கதை எழுத உட்காருகிறவர், அவள் எப்படிக் கொல்வாள் என்பதை விட்டுவிட்டு, யாரைக் கண்டால் சிரிப்பாள் என்பதை முதலில் முடிவுசெய்யட்டும்.